ஆடு அதிகம் இருந்தால் ஓட்டும் அதிகம்!
செல்போனில் எழுதிச் சம்பாதிக்கும் சங்கங்களில் நடந்த கதை

சேலம் மாவட்டத்தில் மேச்சேரி என்றாலே ஆடுதான் நினைவுக்கு வரும். கொம்பில்லாத தலை. வெளிர் பழுப்பு நிறம். மென்மையான தோல். மேச்சேரி ஆட்டுக்கு நாடு முழுவதும் பெயர் உண்டு. அந்த இனத்தைக் காப்பதற்காகப் பக்கத்தில் உள்ள பொட்டனேரியில் ஓர் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது.

அந்த மேச்சேரியில் ஓர் ஆட்டுப் போட்டி நடப்பதாகக் கற்பனை செய்து கொள்ளுங்கள்.

பரிசு 1,000 ரூபாய். நடுவர் கிடையாது. வந்திருப்பவர்களே ஓட்டுப் போட வேண்டும். எந்த ஆட்டுக்கு எத்தனை ஓட்டு விழுகிறதோ, அந்தக் கணக்குப்படி பரிசைப் பங்கு போட்டுக் கொள்ளலாம்.

நல்ல ஏற்பாடுதானே?

பொறுங்கள். இன்னொரு விதியும் இருக்கிறது. ஓர் ஆடு வைத்திருந்தால் ஓர் ஓட்டு. பத்து ஆடு வைத்திருந்தால் பத்து ஓட்டு.

பத்துக் குடும்பத்தார் வருகிறார்கள். ஒவ்வொருவரிடமும் 10 ஆடு. ஆக மொத்தம் 100 ஓட்டு. ஒரு பெரிய வியாபாரியும் வருகிறார். அவரிடம் 900 ஆடு. அவர் ஒருவருக்கே 900 ஓட்டு!

ஓர் ஏழைப் பெண் வளர்த்த கிடா எல்லார் கண்ணையும் பறிக்கிறது. பத்துக் குடும்பமும் அதற்கே ஓட்டுப் போடுகிறது. வியாபாரியோ தம்முடைய நொண்டிக் குட்டிக்கே 900 ஓட்டையும் போட்டுக் கொள்கிறார்.

முடிவு? அழகுக் கிடாவுக்கு 100 ரூபாய். நொண்டிக் குட்டிக்கு 900 ரூபாய்!

“அண்ணா, உங்க குட்டி நொண்டுதுங்களே!” என்கிறாள் அந்தப் பெண்.

“குட்டி நொண்டினா என்ன, தங்கச்சி? ஓட்டு நொண்டலையே!” என்கிறார் வியாபாரி.

இது கற்பனை. ஆனால் இதே கதை உண்மையில் நடந்திருக்கிறது. ஆட்டுச் சந்தையில் அல்ல, செல்போனில்!

எழுதினால் காசு

2016-ம் ஆண்டு அமெரிக்காவில் ‘ஸ்டீமிட்’ என்ற இணையச் சங்கம் தொடங்கியது. தொடங்கியவர்கள் இருவர். ஒருவர் நெட் ஸ்காட். மற்றவர் டான் லாரிமர்.

“பேஸ்புக்கில் நீங்கள் எழுதுகிறீர்கள். லாபம் கம்பெனிக்குப் போகிறது. எங்களிடம் எழுதுங்கள். லாபம் உங்களுக்கே!” இதுதான் அவர்களுடைய பேச்சின் சாரம்.

கட்டுரை எழுதலாம். படம் போடலாம். படித்தவர்கள் ஓட்டுப் போடுவார்கள். ஓட்டுக்கு ஏற்றபடி ‘ஸ்டீம்’ என்ற மின் நாணயம் கிடைக்கும். அதைச் சந்தையில் விற்றுப் பணமாக்கிக் கொள்ளலாம். 2016 ஜூலை 4-ந் தேதி முதல் பட்டுவாடா நடந்தது. செய்தி பரவியது. பல நாடுகளில் இருந்தும் மளமளவென்று ஆட்கள் சேர்ந்தார்கள்.

இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? யாரும் தம் பையில் இருந்து எடுத்துக் கொடுக்கவில்லை. நாள்தோறும் புது நாணயம் உண்டாக்கப்பட்டது. அதில் பெரும் பகுதி பரிசுப் பானையில் விழுந்தது. புது நாணயம் பெருகப் பெருக, பழைய நாணயம் வைத்திருப்பவரின் பங்கு கரையும். ஆகவே அந்தப் பானை எல்லாருடைய பொதுச் சொத்து.

பொதுச் சொத்தைப் பங்கிடும் கரண்டி யார் கையில் இருந்தது? அங்கேதான் சிக்கல்.

திமிங்கலமும் பொடி மீனும்

ஸ்டீமிட்டில் ஆளுக்கு ஓர் ஓட்டு கிடையாது. யார் எவ்வளவு நாணயத்தைப் பூட்டி வைத்திருக்கிறாரோ, அவ்வளவு பலம் அவருடைய ஓட்டுக்கு. பூட்டிய நாணயத்தை நினைத்தவுடன் எடுக்க முடியாது. அந்த நாட்களில் வாரம் ஒரு பங்காக, 13 வாரத்தில்தான் வெளியே வந்தது.

ஓட்டுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு முழு ஓட்டுப் போட்டால் பலத்தில் 2 சதவீதம் குறையும். நாள் ஒன்றுக்கு 20 சதவீதம் மீண்டும் ஊறும். அதாவது தினம் 10 முழு ஓட்டுப் போடலாம்.

பெரும் பங்குக்காரர்களுக்கு ‘திமிங்கலம்’ என்று பெயர் வைத்தார்கள். நடுத்தரக்காரர் ‘டால்பின்’. ஏழைகள் ‘பொடி மீன்’. ஒரு திமிங்கலம் ஒரு தடவை வாலை ஆட்டினால் போதும். கட்டுரைக்குப் பல டாலர் சேர்ந்து விடும். நூறு பொடி மீன்கள் கூடிக் கை தட்டினாலும் ஒரு காசு தேறாது!

தொடக்கத்தில் கணக்கு இன்னும் மோசம். பத்து மடங்கு பங்கு உள்ளவர் தனியாக ஓட்டுப் போட்டால் பலன் நூறு மடங்கு! 2017 ஜூனில் இதை மாற்றினார்கள். பத்து மடங்கு பங்குக்குப் பத்து மடங்கு பலன் என்று ஆக்கினார்கள்.

ஏன் இப்படி ஒரு விதி?

“ஆளுக்கு ஓர் ஓட்டு என்று வைத்தால் என்ன?” என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

ஊர்த் தேர்தலில் வாக்காளர் பட்டியல் இருக்கிறது. அடையாள அட்டை இருக்கிறது. விரலில் மை வைக்கிறார்கள். இணையத்தில் மை வைக்க விரல் எங்கே? ஒரே ஆசாமி இரவோடு இரவாக ஆயிரம் கள்ளப் பெயர்களை உண்டாக்கி விடலாம். ஆயிரம் ஓட்டும் அவருக்கே!

அதைத் தடுக்கத்தான் பங்கின்படி ஓட்டு என்று வைத்தார்கள். 100 நாணயத்தை ஆயிரம் பெயரில் பிரித்து வைத்தாலும் பலம் 100 நாணயத்துக்கு உரியதுதான். கள்ள ஓட்டுக்கு வழி அடைபட்டது. ஆனால் பணக்காரர் ஓட்டுக்குக் கதவு அகலத் திறந்து கொண்டது.

“பெரும் பங்கு போட்டவருக்குச் சங்கம் நன்றாக நடக்க வேண்டும் என்ற அக்கறை இருக்கும். ஆகவே நல்ல எழுத்துக்கே ஓட்டுப் போடுவார்” என்று நம்பினார்கள். நம்பிக்கை பலித்ததா?

மூன்று தில்லுமுல்லு

முதலாவது, தன் ஓட்டு. சிலர் ஒரு வரி எழுதுவார்கள். தங்கள் முழுப் பலத்தையும் அந்த ஒரு வரிக்கே போட்டுக் கொள்வார்கள். நொண்டிக் குட்டிக் கதைதான்! 2017-ல் கணக்கை மாற்றிய பிறகு இது இன்னும் எளிதாயிற்று.

இரண்டாவது, மொய் ஓட்டு. “நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன்.” கலியாண வீட்டு மொய்யைப் போலத்தான். மொய்யிலாவது அவரவர் கைக்காசு கை மாறுகிறது. இங்கேயோ பொதுப் பானையில் இருந்து அள்ளினார்கள்.

மூன்றாவது, ஓட்டுத் தரகு. இதுதான் பெரிய கூத்து. தன் ஓட்டுப் பலத்தை இன்னொருவருக்கு இரவலாகக் கொடுக்கலாம் என்று 2017-ல் ஒரு வசதி வந்தது. புதியவர்களுக்குக் கைகொடுக்கலாம் என்பது எண்ணம். கில்லாடிகள் அதை வேறு வழியில் திருப்பி விட்டார்கள். பலரிடம் பலத்தைக் குத்தகைக்கு வாங்கி ஒரு தானியங்கியிடம் குவித்தார்கள். 2 மணி 24 நிமிடத்துக்கு ஒரு தடவை அது ஓட்டை ஏலம் விடும். ஓர் ஓட்டுக்குச் செலவான 2 சதவீதம் மீண்டும் ஊறுவதற்கு ஆகும் நேரம் அதுதான்! யார் எவ்வளவு கட்டினாரோ, அவருக்கு அந்த அளவு ஓட்டு. கட்டுரையில் என்ன இருக்கிறது என்று தானியங்கி பார்க்காது. அதற்குப் படிக்கத் தெரியாது!

விளைவு என்ன? சங்கத்தின் முதல் பக்கத்தில் நல்ல எழுத்து வரவில்லை. ஓட்டை விலைக்கு வாங்கிய எழுத்து வந்தது. நாலு நாள் கண் விழித்து எழுதியவருக்குச் சில்லறை. ஏலத்தில் பலர் போட்டி போட்ட வேளையில், ஓட்டு வாங்கியவருக்கே போட்ட காசு திரும்பவில்லை. பலத்தைக் குத்தகைக்கு விட்ட திமிங்கலத்துக்கு மட்டும் வருமானம் நிற்கவில்லை.

நாணயத்தின் கதி? 2018 ஜனவரியில் ஒரு ஸ்டீம் 8 டாலரைத் தொட்டது. 2019 முடிவில் 20 சென்ட்கூட இல்லை! அந்த ஆண்டுகளில் பெரும்பாலான மின் நாணயங்களும்தான் சரிந்தன. ஆனால் சங்கத்தின் மேல் இருந்த நம்பிக்கையும் கூடவே சரிந்தது.

எதிர் ஓட்டு

“தப்பைத் தட்டிக் கேட்க வழியே இல்லையா?”

இருந்தது. எதிர் ஓட்டு என்று ஒன்று. அதைப் போட்டால் எதிராளியின் பரிசு குறையும். குறைந்த பணம் மறுபடியும் பொதுப் பானைக்கே போகும். திருட்டு எழுத்தைத் தண்டிக்க நல்ல ஆயுதம்.

ஆனால் அந்தப் பிரம்பும் திமிங்கலங்களின் கையில்தான் இருந்தது. பிடிக்காதவர் எழுதினாரா, போடு எதிர் ஓட்டு! பொடி மீன் திருப்பி அடித்தால் திமிங்கலத்துக்கு உறைக்காது. “எதிர் ஓட்டு விழுந்து விடுமோ” என்று பயந்து வாயை மூடிக் கொண்டவர்கள் உண்டு.

மேலும், எதிர் ஓட்டுப் போட்டால் தன் ஓட்டுப் பலமும் செலவாகும். அதே பலத்தைத் தனக்கே போட்டுக் கொண்டால் வருமானம். காவல் காப்பவனுக்கு நஷ்டம், கொள்ளை அடிப்பவனுக்கு லாபம் என்றால் யார் காவல் காப்பார்கள்?

2019 ஆகஸ்டில் விதியைத் திருத்தினார்கள். எதிர் ஓட்டுக்கு என்று தனியாகக் கொஞ்சம் பலம் கொடுத்தார்கள். பரிசில் எழுதியவருக்குப் பாதி, ஓட்டுப் போட்டவர்களுக்குப் பாதி என்று ஆக்கினார்கள். தரகர்களின் ஆட்டம் அடங்கத் தொடங்கியது. ஆனால் பரிசு முக்கால் பங்கில் இருந்து பாதியாகக் குறைந்ததும், சின்னப் பரிசுகள் இன்னும் சின்னதானதும் ஏழை எழுத்தாளர் தலையில்தான் விழுந்தன.

மேய்க்க விட்ட ஆடு

2020-ல் பெரிய இடி விழுந்தது.

பிப்ரவரி மாதம் ஸ்டீமிட் கம்பெனியை ஜஸ்டின் சன் என்பவர் விலைக்கு வாங்கினார். ‘ட்ரான்’ என்ற வேறொரு மின் நாணயத்தை உண்டாக்கியவர் அவர். சீன இளைஞர். அப்போது வயது 29.

கம்பெனியோடு மலைபோன்ற நாணயக் குவியலும் அவர் கைக்கு வந்தது. தொடக்க காலத்தில் கம்பெனியே சேர்த்துக் கொண்ட நாணயம் அது. சங்கத்தின் வளர்ச்சிக்கே அதைச் செலவிடுவதாகச் சொல்லி வந்திருந்தார்கள்.

சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைக் காப்பவர்களுக்கு ‘சாட்சிகள்’ என்று பெயர். முதல் 20 சாட்சிகள்தான் பஞ்சாயத்து மாதிரி. அவர்கள் பயந்தார்கள். “இந்தக் குவியலை வைத்து ஓட்டுப் போட்டால் சங்கமே ஒருவர் கைக்குள் போய்விடும்” என்று கருதினார்கள். பிப்ரவரி கடைசியில் அந்த நாணயத்தை முடக்கி விட்டார்கள்.

“விலை கொடுத்து வாங்கிய என் சொத்தை முடக்குவதா?” என்று சன் தரப்பு கொதித்தது. அதிலும் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது.

மார்ச் 2-ந் தேதி பதிலடி விழுந்தது. பைனான்ஸ், ஹுவோபி, போலோனியெக்ஸ் ஆகிய மூன்று நாணய மாற்றுக் கம்பெனிகள் களத்தில் குதித்தன. கோடிக்கணக்கான நாணயத்தைப் பூட்டி, சன் தரப்புக்கு ஓட்டுப் போட்டன. ஒரே நாளில் 20 இடமும் மாறி விட்டது!

அந்த நாணயம் யாருடையது? வாடிக்கையாளர்கள் நம்பி ஒப்படைத்து வைத்திருந்தது!

மேச்சேரிக் கணக்கில் சொன்னால் இப்படி. நீங்கள் உங்கள் ஆட்டை ஒருவரிடம் மேய்க்க விடுகிறீர்கள். அவர் ஊர்க் கூட்டத்துக்குப் போய், “இத்தனை ஆடும் என் பட்டியில்தான் இருக்கிறது. ஆகவே இத்தனை ஓட்டும் எனக்கே” என்று கை தூக்குகிறார். நீங்கள் போய் ஆட்டைக் கேட்டால், “13 வாரம் பொறு” என்கிறார்!

ஒரே நாளில் 20 இடமும் மாறியது எப்படி? அங்கேயும் விதியில் ஓட்டை இருந்தது. ஒருவர் 30 சாட்சிகள் வரை ஓட்டுப் போடலாம். ஒவ்வொருவருக்கும் முழுப் பலமும் போய்ச் சேரும். ஆகவே எதிர்த் தரப்பைவிடக் கொஞ்சம் கூடுதல் பங்கு இருந்தால் போதும். பாதி இடம் அல்ல, எல்லா இடமும் கைக்கு வரும்!

உலகம் முழுவதும் கூச்சல் கிளம்பியது. பைனான்சும் ஹுவோபியும் தங்கள் ஓட்டைத் திரும்பப் பெற்றன. பழைய ஆட்கள் சில இடங்களை மீட்டார்கள். ஆனால் சங்கம் இரண்டுபட்டு விட்டது.

மார்ச் 20-ந் தேதி ஒரு பெருங்கூட்டம் பிரிந்து போயிற்று. பழைய கணக்குப் புத்தகத்தைப் பிரதி எடுத்துக் கொண்டு ‘ஹைவ்’ என்ற புதுச் சங்கம் கண்டார்கள். எல்லாருக்கும் பழைய இருப்பு அப்படியே வரவு வைக்கப்பட்டது. சன் தரப்பின் குவியலுக்கு மட்டும் இல்லை. சன்னுடைய ஆட்களுக்கு ஓட்டுப் போட்ட சிலருக்கும் இல்லை.

பழைய சங்கம் சும்மா இருக்கவில்லை. மே 20-ந் தேதி, எதிர்த்த 64 கணக்குகளில் இருந்த 2 கோடியே 30 லட்சத்துக்கும் அதிகமான ஸ்டீமைப் பறித்தது.

இரு தரப்பும் ஒன்றைத்தான் செய்தார்கள். கையில் பலம் வந்ததும், எதிர்த்து ஓட்டுப் போட்டவரைத் தண்டித்தார்கள். இது மறக்கக் கூடாத பாடம்.

காசு கட்டினால் ஓட்டு

“எங்கள் வீட்டில் யாரும் ஸ்டீமிட் பார்ப்பதில்லை” என்று நீங்கள் சொல்லலாம். ‘எக்ஸ்’ பார்க்கிறார்களா? முன்பு டுவிட்டர் என்று இருந்தது.

2022 டிசம்பரில் அதன் முதலாளி ஈலான் மஸ்க் ஓர் ஓட்டெடுப்பு வைத்தார். “நான் தலைமைப் பதவியில் இருந்து விலகட்டுமா?” என்று கேட்டார். 57.5 சதவீதம் பேர் “விலகு” என்றார்கள். அதற்குப் பிறகு, நிர்வாக விஷயங்களில் காசு கட்டியவர்கள் மட்டுமே ஓட்டுப் போடும்படி செய்யலாம் என்ற யோசனைக்கு அவர் தலையாட்டினார்.

2023-ல் அங்கே எழுதுகிறவர்களுக்கு விளம்பர வருமானத்தில் பங்கு கொடுத்தார்கள். 2024 அக்டோபரில் கணக்கு மாறியது. சந்தா கட்டியவர்கள் காட்டும் ஈடுபாட்டை வைத்தே எழுதியவருக்குப் பணம் என்று அறிவித்தார்கள். காசு கட்டாதவர் ஆயிரம் பேர் கை தட்டினாலும் அந்தக் கணக்கில் சேராது. இடம் வேறு. விதி பழைய விதிதான்.

ஓலையும் சங்கமும்

பணத்தின்படி ஓட்டு என்பது உலகத்துக்குப் புதிது அல்ல. ஜெர்மனியில் பிரஷ்யா நாட்டில் 1849 முதல் 1918 வரை அப்படித்தான் இருந்தது. கட்டும் வரியைப் பார்த்து வாக்காளரை மூன்று வகுப்பாகப் பிரித்தார்கள். எஸ்ஸன் நகரசபைத் தேர்தலில், இரும்பாலை முதலாளி க்ருப் ஒருவரே முதல் வகுப்பாக இருந்த காலமும் உண்டு!

நம் சென்னை மாகாணத்திலும் 1920 தேர்தலில் சொத்தும் வரியும் உள்ளவருக்கே ஓட்டு. 1952 பொதுத் தேர்தலில்தான் வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு வந்தது. மில் முதலாளிக்கும் ஒன்று, மில் தொழிலாளிக்கும் ஒன்று.

1,100 ஆண்டுகளுக்கு முன்னே உத்திரமேரூரில் குடவோலைத் தேர்தல் நடந்தது. பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு விவரமாகச் சொல்லுகிறது. பொதுவாகக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருந்தால்தான் வாரியத்துக்கு வரலாம். அது ஏழைக்கு அடைத்த கதவுதான். அதைப் போற்ற வேண்டியது இல்லை. ஆனால் உள்ளே போனவருக்குள் பேதம் கிடையாது. எத்தனை வேலி நிலம் இருந்தாலும் ஒரே ஓலைதான்! குடத்தில் கை விட்டு ஓலை எடுப்பவன் ஒரு சிறுவன். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்கவே முடியாது.

இன்றும் நம் ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்தைப் பாருங்கள். ஒரு மாடு வைத்திருந்தாலும், பத்து மாடு வைத்திருந்தாலும் உறுப்பினருக்கு ஓர் ஓட்டுத்தான். ஊற்றிய பாலுக்கு ஏற்பப் பணம். ஆனால் ஓட்டு ஒன்றே!

பங்குக் கம்பெனியில் பங்கின்படி ஓட்டு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கட்டும். கம்பெனி தன்னைக் கம்பெனி என்றே சொல்லிக் கொள்கிறது. “எழுதும் திறமைக்குப் பரிசு” என்று சொல்லி ஏழைகளைக் கூப்பிடுவது இல்லை. பங்குக்கு வட்டி கொடுப்பது தப்பு அல்ல. வட்டிக்குப் பரிசு என்று பெயர் வைப்பதுதான் தப்பு.

வீட்டில் கேட்க வேண்டிய கேள்விகள்

வீட்டுப் பிள்ளை ஒருநாள் வந்து, “அம்மா, இந்தச் சங்கத்தில் எழுதினால் பணம் தருகிறார்கள். முதலில் கொஞ்சம் பணம் கட்ட வேண்டும்” என்று சொல்லலாம். உடனே திட்ட வேண்டாம். உடனே பணத்தையும் எடுத்துக் கொடுக்க வேண்டாம். உட்கார வைத்து ஐந்து கேள்வி கேளுங்கள்.

பரிசுப் பணம் எங்கிருந்து வருகிறது?

ஓட்டு ஆளுக்கா, பணத்துக்கா?

தனக்குத் தானே ஓட்டுப் போட முடியுமா? ஓட்டை விலைக்கு விற்க முடியுமா?

நாம் போட்ட பணத்தை எத்தனை நாளில் திருப்பி எடுக்கலாம்? அதுவரை அது யார் கையில் இருக்கும்?

விதியை மாற்றும் அதிகாரம் யாருக்கு?

ஐந்துக்கும் தெளிவான பதில் வந்தால் யோசிக்கலாம். பதில் வராவிட்டால் எழுத்தை மட்டும் போடட்டும். வீட்டுப் பணத்தைப் போட வேண்டாம்.

விதியைத் திருத்த முடியாதா என்றால், முடியும். ஹைவ் சங்கத்தில் ஒரு நல்ல திருத்தம் செய்தார்கள். புதிதாகப் பூட்டிய நாணயத்துக்குச் சாட்சித் தேர்தலில் 30 நாள் கழித்தே ஓட்டு. இரவோடு இரவாக வந்து சங்கத்தைப் பிடிக்கும் வேலைக்கு அது பூட்டுப் போட்டது. ஆனால் அங்கும் பணத்தின்படிதான் ஓட்டு. எதிர் ஓட்டுச் சண்டையும் ஓயவில்லை.

மறுபடியும் நம் மேச்சேரிப் போட்டிக்கு வருவோம். நொண்டிக் குட்டிக்கு 900 ரூபாய் போயிற்று அல்லவா? அந்த வியாபாரி திருடவில்லை. பொய் சொல்லவில்லை. விதிப்படியேதான் ஓட்டுப் போட்டார்.

ஆனால் அடுத்த வருஷம் அந்தப் பெண் தன் கிடாவை ஓட்டிக் கொண்டு போட்டிக்கு வருவாளா? வரமாட்டாள். மற்றக் குடும்பங்களும் வரமாட்டா. 900 ஆட்டுக்காரர் மட்டும் வெறும் மைதானத்தில் நின்று, தமக்குத் தாமே ஓட்டுப் போட்டுக் கொள்ள வேண்டியதுதான்.